செங்கல்லில் சுற்றிய கம்பி

அண்ணா, இதை யாருக்கும் காட்டிவிடாதே. நீ இருக்கிற இடத்தில் நம் பெரியப்பா இருப்பார், வள்ளியக்கா புருஷனும் இருப்பார். அவர்களிடம்கூட வேண்டாம். வள்ளியக்கா புருஷனிடம் கண்டிப்பாக வேண்டாம், அவர் செத்த துக்கத்தில்தானே இத்தனையும் நடந்தது. நீ மட்டும் படி. படித்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

இன்று சாயங்காலம் மாவு அரைக்கப் பழவேற்காட்டுக்குப் போயிருந்தேன். என் முறை வந்து பாதி மாவு விழுந்திருக்கும், மோட்டார் ஒரு மாதிரி முனகியது. உடனே அந்த வாடை வந்தது. செம்புக் கம்பிமேல் பூசியிருக்கும் அரக்கு கருகுகிற வாடை, இனிப்பும் கசப்பும் சேர்ந்து தொண்டையில் ஒட்டுமே, அது. மில்காரர் “காயில் போச்சு” என்று மெயினை அணைக்கப் போனார். நான் மாவுத் தூக்கை அங்கேயே போட்டுவிட்டுப் படகுத்துறை வரைக்கும் ஓடினேன். துறையில் வலை தைத்துக்கொண்டிருந்தவர், “இன்னாமே, மில்லு உன்னத் தொரத்திக்கினு வருதா?” என்று கேட்டுச் சிரித்தார்.

அதே வாடையை ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் நம் வீட்டு முன்னறையில் முகர்ந்தேன். அன்று என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும் என்றுதான் நீ கடைசிவரை நினைத்திருந்தாய். உனக்குத் தெரியாது.

ஊர் மைக் செட் நம் வீட்டில்தான் இருந்தது. அம்மன் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் பாட்டுப் போடுகிற பழைய வால்வு செட். அதன் மூடியைத் திறக்க ஊரில் வேறு யாருக்கும் தைரியம் இல்லாததால் பெரியவர்கள் உன் பொறுப்பில் விட்டிருந்தார்கள். மெட்ராசில் பழசாக வாங்கிய எலெக்ட்ரிக் கிதாரை நீ அதில் சொருகி வாசிப்பாய். வால்வெல்லாம் சிவந்து சூடேறிய பிறகு தந்தியை அழுத்தித் தட்டினால் அதன் குரல் கரகரக்கும், அழுது முடித்தவர்கள் பேசுகிற மாதிரி. நைனாகூட, “இன்னாடா கரையுது அது” என்று திட்டிக்கொண்டே உட்கார்ந்து கேட்பார்.

மெட்ராசில் ஒரு மெல்லிசைக் குழுவுக்குக் கிதார் வாசிக்க ஆள் வேண்டும், வாசித்து ஒரு கேசட் அனுப்பு என்று உனக்குக் கடுதாசி வந்தது. பத்து நாளுக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். நீ அதை எனக்கு மூன்று முறை படித்துக் காட்டினாய். மறுநாள் விடியற்காலையில் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து, பக்கத்து வீட்டு வள்ளியக்காவின் புருஷன் போய்விட்டார்.

ஏரி கொண்டுபோனவருக்குப் பதினாறு நாள் ஊரில் சத்தம் கூடாது. ரேடியோ கூடாது, மேளம் கூடாது, பிள்ளைகள் விசில் அடித்தால்கூட அடி விழும். அதற்கு முந்தின துக்கத்தில் ரேடியோ கேட்ட ஒரு வீட்டோடு ஒரு மாசம் ஊரில் யாரும் பேசவில்லை, நெருப்பு கொடுக்கவில்லை. அந்த வீட்டுப் பெண் என் வகுப்புதான். பள்ளிக்கூடப் படகில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது நானே எழுந்து வேறு பக்கம் போனேன்.

கிதாரை நேராக டேப் ரெக்கார்டரில் சொருகிப் பார்த்தாய். தகர டப்பாவில் ரப்பரைக் கட்டித் தட்டினது போல இருந்தது. உனக்கு அந்த செட்டின் குரல்தான் வேண்டும், ஆனால் ஸ்பீக்கர் வாயைத் திறக்கக்கூடாது.

“ஸ்பீக்கரக் கழட்டிட்டு வாசியேன்” என்றேன்.

“அத்த மட்டும் செஞ்சிடாத சின்னி” என்றாய். “செட்டுக்கு எப்பவும் வேல இருக்கணும். தள்றதுக்கு ஒண்ணும் இல்லாம ஓட வுட்டா அது தன்னையே தின்னுக்கும்.”

எனக்கு நன்றாகப் புரிகிற மாதிரிதான் சொன்னாய். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை.

இரண்டு நாள் நீ சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு அம்மாவின் பழைய கரண்ட் அடுப்பிலிருந்து காயிலை எடுத்துக்கொண்டு காதர் பாயின் ரேடியோ ரிப்பேர் கடைக்குப் போனாய். நானும் வந்தேன். அவருடைய மீட்டரில் வைத்து அளந்து, ஸ்பீக்கருக்குச் சமமாக வருகிற இடத்தில் வெட்டி, ஒரு செங்கல்லில் சுற்றினாய். அது ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில் இருக்கும், செட் தள்ளுகிறதையெல்லாம் வாங்கிக்கொண்டு சூடாகும், சத்தம் போடாது. அங்கேயிருந்து கொஞ்சூண்டு மட்டும் பிரித்து டேப் ரெக்கார்டருக்கு அனுப்ப வேண்டும். காதர் பாய் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, உன் நோட்டில் நீ போட்டிருந்த படத்தைப் பார்த்தார்.

“செங்கல்லு பாடுமாப்பா?”

“பாடக்கூடாதுன்னுதான் பாய் செங்கல்லு.”

வீட்டுக்கு வந்து முதல் தடவை பதிவு செய்து இயர்போனை என் காதில் வைத்தாய். சத்தமில்லாமல் பதிவாகியிருந்தது, ஆனால் கொசு காதுக்குள் போன மாதிரி ஒரே கிரீச்சு. நான் சொன்னதும் உன் முகம் சுருங்கியது. மறுநாள் காதர் பாய் சிரித்தார். “அந்தக் கிரீச்சல்லாம் ஸ்பீக்கர் பொட்டிதான் முழுங்கும். பொட்டியத் தூக்கிட்ட, இப்ப யாரு முழுங்கறது, உங்க நைனாவா?” நீ அங்கேயே உட்கார்ந்து, ஒன்று மாற்றி ஒன்றாக ஆறு கண்டென்சர் வைத்துப் பார்த்து, கிரீச்சு அடங்குகிற இடத்தைக் கண்டுபிடித்தாய். அன்று சாயங்காலம் இயர்போனில் கேட்டேன் அண்ணா. நம் முன்னறையே கேட்டது. நீ என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாய், நான் தலையை ஆட்டியதும் எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டாய்.

கேசட் அனுப்ப இரண்டு நாள் இருந்தது. நைனாவும் அம்மாவும் மீனோடு பொன்னேரிக்குப் போயிருந்த மத்தியானம், நீ உள்ளறையில் கிதாரோடும் டேப் ரெக்கார்டரோடும் உட்கார்ந்தாய். செட்டும் செங்கல்லும் முன்னறையில், அவற்றுக்குப் பக்கத்தில் நான். “செங்கல்லு ரொம்ப செவந்தா மட்டும் கூப்புடு. வேற எதுக்கும் கூப்புடாத, நடுவுல நிறுத்தினா வராது” என்று சொல்லிவிட்டு இயர்போனை மாட்டிக் கண்ணை மூடினாய்.

நீ அழுத்தி வாசிக்க ஆரம்பித்ததும் ஒரு சத்தம் கேட்டது. மெல்லிசாக, பாட்டியெல்லாம் வாயை மூடிக்கொண்டு தாலாட்டுவது போல. நீ வாசிக்கிற அதே பாட்டு. செட்டின் இரும்புக் கட்டைக்குள்ளிருந்து வந்திருக்கிறது, டிரான்ஸ்பார்மர் அப்படித்தான் பாடும் என்று காதர் பாய் பிற்பாடு சொன்னார். அன்று எனக்குத் தெரியாது. செங்கல்தான் பாடுகிறது என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் வள்ளியக்காவின் மாமியார் இருமினார். அவர் நம் சுவரில் சாய்ந்துதான் உட்கார்ந்திருப்பார், ஏழு நாளாக அங்கேதான். இருமல் நின்றது. அவர் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. நாளைக்குப் படகில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள் என்பதுதான் அண்ணா முதலில் என் மனசில் வந்தது. வள்ளியக்கா வரவில்லை, நீகூட வரவில்லை.

கையை நீட்டி, செட்டிலிருந்து செங்கல்லுக்குப் போகிற கம்பியைப் பிடுங்கினேன்.

பாட்டு நிற்கவில்லை, பெரிதாகியது. செட்டுக்குள் பட்டென்று நீலமாக ஒரு பொறி வந்து, அப்புறம் அந்த வாடை. நான் கம்பியைத் திரும்பச் சொருகினேன். காயில் சூட்டில் இரண்டு விரல் வெந்தது, சத்தம் போடவில்லை. நீ இயர்போனைக் கழற்றிவிட்டு ஓடிவந்தபோது எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. நான் செங்கல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ முதலில் என்னைத்தான் பார்த்தாய். “உனக்கு ஒண்ணும் ஆகலியே?” என்றாய். பிறகு மெயினை அணைத்துவிட்டு ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்தாய். எல்லாம் சரியாக இருந்தது. எதுவும் கழன்றிருந்தால் உனக்குக் காரணம் கிடைத்திருக்கும். காரணத்தை நான் திரும்பச் சொருகிவிட்டேனே. வெகுநேரம் கழித்து, “அளந்ததுல எங்கியோ வுட்டுட்டேன் போல” என்று சொன்னாய்.

துக்கம் முடிந்ததும், செட் கருகியதை விசாரிக்க ஊர் கூடியது. நீ எதையும் மறைக்கவில்லை, துக்க நாளில் செட்டை ஓட்டினேன், சத்தம் வராமல் ஓட்டினேன் என்று சொன்னாய். ஊர்ப் பெரியவர் வள்ளியக்காவின் மாமியாரைக் கேட்டார்.

“ஒரு சத்தமும் கேக்கலப்பா” என்றார் அவர். “எனக்கு இருமவே நேரம் சரியாகீது, பாட்டு எங்க கேக்கறது.”

பெண்கள் பக்கத்தில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். யாருக்கும் கேட்டிருக்கவில்லை.

“அப்ப எப்டிப்பா கருகிச்சி? வேற யாரு கை வெச்சா?” என்றார் பெரியவர்.

“யாரும் வெக்கல. என் கணக்குதான் தப்பு.”

அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றினார்கள். நீ அதையே இன்னொரு தடவை சொல்லி, உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தாய். நான் பத்தடி தூரத்தில் வெந்த விரல்களைப் பாவாடையில் மறைத்துக்கொண்டு நின்றேன். நீ பொய் சொல்லவில்லை. உன் வாயில் பொய்யை வைத்தது நான். கற்பூரத்தை அணைத்துப் பொய்ச் சத்தியம் செய்தால் அம்மன் ஒரு வருஷத்துக்குள் கேட்பாள் என்று ஊரில் சொல்கிறார்கள். தெரியாமல் சொன்னவனையும் கேட்பாளா? யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இத்தனை நாளும் பயந்துகொண்டே இருக்கிறேன்.

செட்டை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். நீ கிதாரைப் பரண்மேல் போட்டுவிட்டு நைனாவோடு வலைக்குப் போனாய். காதர் பாய் கடைப்பக்கம் போகச் சொன்னால், “நமக்கு அந்தத் தலை இல்ல” என்பாய். அதைச் சாதாரணமாகச் சொல்வாய், அதுதான் என்னால் தாங்க முடியாது. ஏழு மாசம் கழித்து மஞ்சள் காமாலை வந்தது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் நாம் இரண்டு பேரும் தனியாக இருந்தோம். சொல்லிவிட வேண்டும் என்று, “அண்ணா, அந்த செங்கல்லு…” என்று ஆரம்பித்தேன். “அத்த வுடு சின்னி, நீ பக்கத்துல இருந்தியே, உன்ன எதுவும் செய்யாம வுட்டுச்சே, அதுவே போதும்” என்றாய். நான் உனக்கு இளநீர் வெட்டிக்கொண்டு வரப் போய்விட்டேன்.

நாளைக்கு உன் வருஷத் திதி. இன்று பொழுது சாய்ந்து காதர் பாய் வந்திருந்தார். செட்டுக்கு மெட்ராசில் டிரான்ஸ்பார்மர் மாற்றிச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாராம். உன் செங்கல் அவரிடம்தான் இருக்கிறது. அதைத் திரும்ப அளந்து பார்த்தாராம், துளிகூடத் தப்பில்லையாம். படம் போட்ட உன் நோட்டைக் கேட்டார், அதை வைத்துத் தானே ஒரு தடவை செய்து பார்க்க வேண்டுமாம்.

“அந்த நோட்டுதான் பாய் என் புள்ளயத் தின்னுச்சி” என்றார் நைனா. “காலைல அவன் துணியோட அத்தையும் ஏரில வுட்டுடப் போறேன்.”

“கோச்சிக்காத. செங்கல்லோட அன்னிக்கிப் பதிஞ்ச கேசட்டும் எங்கிட்டதான் கீது, போட்டுப் பாத்தேன். நல்லாப் போய்க்கினே கீது, திடீர்னு ‘டக்’குனு ஒரு சத்தம், அதுக்கப்புறம்தான் எகிறுது. கம்பி கழண்டாதான் அப்டி வரும்.” அவர் என் பக்கம் திரும்பினார். “நீதானம்மா பக்கத்துல இருந்த?”

“தெரியல பாய்” என்றேன். அவர் என் கையைப் பார்த்தாரா, தரையைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. “சரிம்மா, காலைல நானும் வரேன்” என்று எழுந்து போனார்.

இப்போது அந்த நோட்டில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன் அண்ணா, பின்பக்கத்திலிருந்து. நைனா துணி மூட்டையில் வைத்திருந்தார், எடுத்துவிட்டேன். செங்கல் படம் போட்ட பக்கத்தில் குறுக்கே சிவப்பு மையில் ‘தவறு’ என்று நீ எழுதியிருக்கிறாய், கணக்கு வாத்தியார் போடுகிற மாதிரி. அதற்குப் பிறகு நீ இந்த நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. நாளைக்கு இது தண்ணீரில் போய்விட்டால் உன்னைப் பற்றி ஊருக்கு மிஞ்சுவது அந்த ஒரு வார்த்தைதான்.

சொன்னால் நைனா என்ன செய்வார் என்று தெரியவில்லை. அடித்தால் பரவாயில்லை. என்னைப் பார்க்காமலே இருந்துவிடுவாரோ என்றுதான் பயம். அம்மா ஒரு வருஷமாக உன் பேரைச் சொல்லி அழுகிறாள், இனி என் பேரைச் சொல்லி அழுவாள். ஆனாலும் நீ அன்று வாசித்தது என் காதில் இருக்கிறது. டிரான்ஸ்பார்மருக்குள்ளிருந்து வந்த அந்தச் சின்னக் குரலை ஊரில் யாரும் கேட்கவில்லை, நான் மட்டும் கேட்டேன். உன் கணக்கு சரி என்பதும் என் ஒருத்திக்குத்தான் தெரியும். இரண்டையும் நான் மட்டும் வைத்துக்கொண்டிருப்பது திருட்டு மாதிரி இருக்கிறது.

படம் போட்ட பக்கத்தைத் திருப்பி, உன் சிவப்பு எழுத்துக்குக் கீழே எழுதிவிட்டேன். ‘அண்ணன் கணக்கு சரி. ஓடிக்கொண்டிருந்த செட்டிலிருந்து கம்பியைப் பிடுங்கியது நான். பிறகு திரும்பச் சொருகியதும் நான்.’ கீழே என் பெயரை முழுசாகப் போட்டிருக்கிறேன். விடிவதற்குள் கிழித்துவிடுவேனோ என்று என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை, அதனால் காதர் பாய் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே நைனாவிடம்

கதவைத் தட்டுகிறார்கள். நைனாதான். “இன்னும் வெளக்கு எரியுது, இன்னா பண்ற?” என்கிறார். நோட்டு திறந்தே இருக்கிறது அண்ணா, மூடவில்லை, நான் போய்க் கதவைத்