மூன்று மாதம் தாண்டிய திசுத் தட்டை எரிக்காதிருக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
முதுநிலை ஆய்வாளர்,
திசு வளர்ப்புப் பிரிவு, இரண்டாம் மாடி.

பெறுநர்:
உயர்திரு தலைமை நிர்வாக அலுவலர் அவர்கள்,
ஆராய்ச்சி நிலையம், தரைத்தளம்.

பொருள்: வரும் வெள்ளிக்கிழமை எரிக்கப்படவுள்ள எலும்பு மஜ்ஜைத் திசுத் தட்டுக்கு விலக்கு அளிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்த எனது முந்தைய இரு மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வயதாக ஆக உடம்பின் நோய் எதிர்ப்பு ஆற்றல் ஏன் தளர்கிறது என்று ஆராய்வது எங்கள் பிரிவின் வேலை. இடுப்பு அறுவை சிகிச்சைக்கு வரும் முதியவர்கள் மனமுவந்து தரும் எலும்பு மஜ்ஜையிலிருந்து செல்களைப் பிரித்து, பஞ்சு போன்ற தாங்குசட்டத்தில் ஏற்றி, மிளகளவு திசுக்களாக வளர்க்கிறோம். மாதக்கணக்கில் ஊட்டநீர் மாற்றிக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டால் அவற்றுக்கும் வயதாகும். அதற்குப் பிறகுதான் ஆராய்ச்சியே தொடங்கும்.

2. ஆனால் மூன்று மாதம் தாண்டிய எந்த உயிரியல் பொருளுக்கும் சிவப்புச் சீட்டு ஒட்டி எரித்துவிட வேண்டும் என்பது நம் பண்டகப் பிரிவின் விதி. கெட்டுப்போன இரத்த மாதிரிகளுக்கு அது பொருந்தும், மறுக்கவில்லை. சென்ற முறை நான் விடுப்பு முடிந்து வந்து பார்த்தபோது வளர்ப்புப் பெட்டி துடைத்து வைத்தாற்போல் இருந்தது. "பழசாயிடுச்சும்மா, அதான் எடுத்துட்டோம். புதுசா போட்டுக்கோங்க" என்றார் பண்டகக் காப்பாளர். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

3. எனது முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, தரமான முடிவுகளுக்குப் புதிய மாதிரிகளையே பயன்படுத்துமாறு தங்கள் அலுவலகம் அறிவுரை வழங்கியது. முதுமையைப் பற்றிய ஆராய்ச்சிக்கு இப்படி ஓர் அறிவுரை கிடைத்ததும் சிரிப்பதா அழுவதா என்று விளங்கவில்லை. காப்பாளர்தான் இரக்கப்பட்டு, "தேதியை மட்டும் மாத்தி ஒட்டிடுங்களேன், யார் பார்க்கப் போறா" என்றார். நல்ல மனிதர். ஆனால் அந்தத் தேதிதான் திசுவின் வயதுக் கணக்கு; அதை மாற்றினால் என் ஆராய்ச்சியில் மிச்சம் ஒன்றுமில்லை ஐயா.

4. இப்போது சீட்டு ஒட்டப்பட்டிருக்கும் தட்டு, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் தந்த மஜ்ஜையிலிருந்து வளர்ந்தது. பரிசோதனைக்கு மருத்துவமனை வரும்போதெல்லாம் மாடியேறி வந்து, தட்டைக் காட்டி, "நம்ம சின்னவன் சாப்பிட்டானா?" என்று கேட்பார். தவறாமல் தடுப்பூசி போட்டுக்கொண்டவர். ஆனாலும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் காய்ச்சலில் படுத்துவிடுவார். "எல்லாருக்கும் வேலை செய்யுற ஊசி எனக்கு மட்டும் ஏம்மா செய்யல?" என்பார். சென்ற மாதம் நுரையீரல் காய்ச்சலில் காலமாகிவிட்டார். அந்தத் தட்டில் நோய் எதிர்ப்புச் செல்களின் உற்பத்தி இப்போதுதான் தளரத் தொடங்கியிருக்கிறது. அவர் கேட்டதற்கு விடை தேட எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான். அவருடைய செல்கள் வேறெங்கும் இல்லை. இனிக் கிடைக்கவும் வழியில்லை.

5. ஆகவே மேற்படி தட்டின் சீட்டை நீக்கவும், முதுமை ஆய்வுக்காக வளர்க்கப்படும் திசுக்களுக்கு இவ்விதியிலிருந்து விலக்கு அளிக்கவும் பணிந்து வேண்டுகிறேன்.

6. அன்னாரின் மனைவி வெள்ளிக்கிழமை பிற்பகல் அந்தத் தட்டைப் பார்க்க வருகிறார். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஆணை வரவில்லையெனில், பழசாகிவிட்டதால் எரித்துவிட்டோம் என்று அந்த அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வராது. தாங்களே இரண்டாம் மாடிக்கு வந்து சொல்லிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
முதுநிலை ஆய்வாளர்

இடம்: திசு வளர்ப்பு அறை
நாள்: புதன்கிழமை