நூல் பிடித்த பாறைகள்

என் அன்பு வீட்டுக்காரிக்கு,

நான் நலம். நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

வாசலில் பாறைத் தோட்டம் போடுவதாக எழுதியிருந்தாய். இங்கே ஒரு வீட்டில் நானும் அதைத்தான் செய்தேன். கொத்தனார் கை சும்மா இருக்குமா? நூல் பிடித்து, பாறைகளை ஒரே மட்டமாக அடுக்கிவிட்டேன். வீட்டம்மா வந்து பார்த்ததும் வேலை போச்சு என்றே நினைத்தேன்.

"நான் கேட்டது மலை, நீங்க கட்டினது மதிலு. வாங்க, சேர்ந்து கலைப்போம்" என்று சிரித்தபடி அவரே மண்வெட்டியை எடுத்தார். அந்த மகராசி நன்றாக இருக்கட்டும். கலைக்கும்போது ஒரு கல் காலில் விழுந்தது, நகத்தோடு போயிற்று.

நீ கற்களைக் கொஞ்சம் மண்ணில் புதைத்து வை, அப்போதுதான் மலை மாதிரி தெரியும். படம் அனுப்பு.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. நம் பின்வாசலில் கிடக்கும் பெரிய கல்லை மட்டும் தொடாதே. அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். நான் வரும்வரை கிடக்கட்டும்.

உன் கொத்தனார்