தள்ளி வைத்த ஹைட்ரஜன்

ஜூன் 18

அன்புள்ள வாயாடிக்கு,

நலமாகத்தான் இருப்பாய், வேலை இருந்தால்தானே உனக்கு என் ஞாபகம் வரும்! நீ கேட்ட நீர் மூலக்கூறின் கணினி மாதிரியைச் செய்து அனுப்பிவிட்டேன். பிள்ளைகள் செல்போனிலேயே விரலால் சுழற்றலாம், குறுக்கே கண்ணாடி நிறுத்திப் பார்க்கலாம். உருவம் மாறாமல் இருந்தால் திரை பச்சை, மாறினால் சிவப்பு. மூலக்கூறின் சமச்சீரை இதற்கு மேல் எப்படி ஊட்டிவிடுவது? என் விடுமுறையெல்லாம் தின்ற வேலை இது.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கல்லூரியில் 'புதிய கற்பித்தல் முறை' என்று நீ ஒரு செயல்விளக்க வகுப்பு எடுக்கப் போகிறாயாம். ஆய்வுக்கூடச் சாமான் விற்க வருகிறவர் சொன்னார். யாருடைய முறையடி அது?

உன் நெட்டை


ஜூன் 25

என் நெட்டையம்மாவுக்கு,

எடுத்த எடுப்பிலேயே விசாரணையா? அந்த மனிதர் குடுவையோடு வம்பையும் சேர்த்து விற்கிறார். ஆமாம், வகுப்பு எடுக்கிறேன். வெளியிலிருந்து பேராசிரியர்கள் வருகிறார்கள். மற்றதெல்லாம் அப்புறம் சொல்கிறேன், இப்போது கேட்காதே.

அடுத்து அமோனியா மாதிரியையும் சீக்கிரம் செய்து அனுப்பு. என் வகுப்பில் ஒரு பெண், பக்கத்து பெஞ்சுக்கே கேட்காத குரல். உன் மூலக்கூறுகளைச் சுழற்ற ஆரம்பித்த பிறகு தானாகக் கை தூக்குகிறாள்! அவளைத்தான் மேடையேற்றப் போகிறேன்.

முதுகுவலிக்கு டாக்டரைப் பார்த்தாயா? தட்டிக்கழிக்காதே.

உன் வாயாடி


ஜூலை 9

வாயாடிக்கு,

அழைப்பிதழைப் பார்த்தேன். உன் பெயர் கொட்டை எழுத்தில். என் பெயர் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் இல்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள் என்று நம்பினேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

'அப்புறம் சொல்கிறேன்' என்று நீ எழுதியபோதே எனக்குப் பொறி தட்டியது. அதனால்தான் அமோனியாவின் மூன்று ஹைட்ரஜனில் ஒன்றைக் கண்ணுக்குத் தெரியாத அளவு தள்ளி வைத்து அனுப்பினேன். எவ்வளவு சரியாகச் சுழற்றினாலும் சிவப்புதான் வரும். இந்த மாதிரிகள் உன்னுடையவை என்று நீ சொன்னால், அந்த ஹைட்ரஜனைத் தள்ளி வைத்தது யார் என்று நான் காட்டுவேன். என்னை ஏமாளி என்று நினைத்தாயா?

நெட்டை


ஜூலை 14

நெட்டைக்கு,

உன் கடிதம் வகுப்பு முடிந்த மறுநாள் வந்தது.

அழைப்பிதழில் போடுவது வகுப்பு எடுப்பவர் பெயர். மேடைத் திரையில் முதலில் வந்தது உன் பெயரும் படமும். உன்னை எங்கள் துறைக்கே அழைத்துக்கொள்ளச் சொல்லித் துறைத்தலைவரிடம் பேசியிருந்தேன். வேலை உத்தரவு கைக்கு வந்த பிறகு சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் நான் வாயை மூடியது அந்த ஒரு தடவைதான்.

அமோனியாவை நான் முன்கூட்டிச் சுழற்றிக்கூடப் பார்க்கவில்லை. உன் வேலையை என்றைக்கு நான் சரிபார்த்திருக்கிறேன்? மேடையில் அந்தப் பெண் சுழற்றினாள். சிவப்பு.

"சரியாத்தான் சுத்துறேன் டீச்சர்."

"விரல் வழுக்கியிருக்கும்மா. இதைச் செஞ்சவங்க தப்பு விடமாட்டாங்க. மறுபடி சுத்து."

அத்தனை பேர் முன்னாலும் திரும்பத் திரும்பச் சுழற்ற வைத்தேன். அழுதுகொண்டே இறங்கினாள். கண்ணெதிரே நின்ற பிள்ளையை விட்டுவிட்டு உன்னை நம்பினேனே.

நேற்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். கருவியில் ஏதோ கோளாறு என்று சொன்னேன். துறைத்தலைவரிடமும் அதையேதான் சொன்னேன். நீ வேண்டுமென்றே செய்தாய் என்று யாருக்கும் தெரியாது, என் மூலமாகத் தெரியவும் வராது. உனக்காக நான் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

இனி எழுதாதே.

வாயாடி