குங்குமம் வைத்த தோட்டாக்கள்

அக்டோபர் 18, சனி. காலை 11.20, பெங்களூரு துப்பாக்கிப் பயிற்சித் திடல். சுட்டது ஆறு தோட்டா, வெடித்தது இரண்டு.

அப்பா தினமும் நகைக்கடையைப் பூட்டிவிட்டு, லைசென்ஸ் ரிவால்வரை நம்பித் தனியாகக் கோரமண்டல் பகுதியிலுள்ள வீட்டுக்கு ஸ்கூட்டரில் வருகிறார். எந்த வகைத் தோட்டா திருடனை நிறுத்தும் என்று ஒரு மாதம் அவரோடு வாதாடினேன். இவற்றில் நான்கு வெடிக்கவே இல்லை! வருடாவருடம் ஆயுத பூஜைக்குத் தோட்டாவுக்கும் எண்ணெய் தடவிக் குங்குமம் வைத்திருக்கிறார். எண்ணெய் உள்ளே கசிந்து மருந்து செத்துவிட்டது.

"சாமி கும்புட்ட தோட்டாடா அது!"

"கும்புட்டதாலதான்பா வெடிக்கல."

"இன்னா இப்போ? துப்பாக்கியப் பாத்தாலே ஓடிடுவான்."

"ஓடலைன்னா?"

அப்பா ரிவால்வரைத் துடைத்தார்.

இனி:
1. திங்களன்று புதுத் தோட்டா வாங்க வேண்டும்.
2. அதுவரை கடையடைக்க நானும் போக வேண்டும்.
3. அடுத்த பூஜைக்கு அவரிடம் இன்று வெடித்த இரண்டின் காலிக் கூடுகளை மட்டும் கொடுக்க வேண்டும்.