சிரிப்புக்கு முந்தைய சொல்

என் அருமை லூர்து,

நாளை கல்லறைத் திருநாள். உன் சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்து, சுற்றிலும் புல் செதுக்கியாயிற்று. மெழுகுவர்த்தி ஏற்றும்போது பக்கத்துக் கல்லறைக்காரர்கள் நிற்பார்கள், நிம்மதியாகப் பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். எழுதியதை நம் கோயிலில் அச்சடிக்கும் பங்கு மலருக்கும் கொடுக்கப்போகிறேன். ஊர் படிக்கட்டும். முக்கியமாக உன் தம்பி சேவியர் படிக்கட்டும்.

முதலில் சேதி. நம் ஷீலாவுக்குப் பெண் குழந்தை பிறந்து நாலு மாதம் ஆகிறது. அமெரிக்காவில்தான். உன் மூக்கு. மாப்பிள்ளையின் அம்மா மூன்று மாதம் கூட இருந்துவிட்டு, முழங்கால் வலி தாங்காமல் சீர்காழிக்குத் திரும்பிவிட்டார்கள். ஷீலாவும் இன்னும் கொஞ்ச நாளில் ஆபீசுக்குப் போக வேண்டும். இந்த நேரத்தில் அங்கே நிற்க வேண்டியவள் நீ. நீ போய்விட்டாய். உன் மேல் எனக்கு இருக்கும் வருத்தங்களில் இதுதான் பெரியது.

நான் போகிறேன் என்றேன். நீயும் நானும் சென்னையில் வரிசையில் நின்று வாங்கிய விசா, என்னுடையது இன்னும் செல்லும். சேவியர் சிரித்தான். "பச்சப்புள்ளயப் பாத்துக்க ஆம்பள போனதா எங்கயாச்சும் கேட்டிருக்கீங்களா மாமா? அங்க போயி பம்புசெட் ரிப்பேர் பண்ணப் போறீங்களா?" என்றான். அவனை விடு. ஷீலா சொன்னதுதான் ஆறவில்லை. "நீங்க வந்து என்னப்பா பண்ணுவீங்க? கடைக்குப் போனா பேசத் தெரியாது. உங்களையும் சேத்து நான்தான் பாத்துக்கணும்."

நான் யாரிடமும் தொழில் படித்தவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆயில் இன்ஜினைப் பிரித்துப் பிரித்து நானே கற்றுக்கொண்டேன். இங்கிலீஷையும் அப்படிப் பிரித்துப் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன்.

தஞ்சாவூரில் ஒரு புத்தகம் வாங்கினேன். பேங்க் மேனேஜரிடம் பேசுவது எப்படி, ஸ்டேஷன் மாஸ்டரிடம் பேசுவது எப்படி என்று போட்டிருந்தது. கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு அது எதற்கு? போனில் தேடியபோது ஒரு பெண் அகப்பட்டாள். வெள்ளைக்காரி, மூன்று பிள்ளை பெற்றவள். மேடையில் தனியாக மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுகிறாள். ஸ்டாண்ட்-அப் காமெடியாம். பேசுவதெல்லாம் பிள்ளை வளர்த்த கதை. சபை விழுந்து விழுந்து சிரிக்கிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். இன்ஜினில் எங்கே சத்தம் மாறுகிறதோ அங்கேதான் விஷயம் இருக்கும். இங்கே சிரிப்புதான் சத்தம். சிரிப்பு எழும்பும் இடத்தில் நிறுத்துவேன். கொஞ்சம் பின்னால் தள்ளி, அதற்கு முந்தைய சொல்லைப் பிடிப்பேன். அகராதியில் அர்த்தம் பார்த்து நோட்டில் எழுதுவேன். நாப் என்றால் குட்டித் தூக்கம். பர்ப் என்றால் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விடவைப்பது. பம்ப் வந்தபோது நமக்குத் தெரியாததா என்று நினைத்தேன். தாய்ப்பால் எடுக்கிற கருவியாம். வெட்கமாக இருந்தாலும் எழுதிக்கொண்டேன். அதிலும் வால்வு உண்டு.

ஒரு நாள் அவள் புருஷனைப் பற்றிப் பேசினாள். அவன் கடைத்தெருவில் குழந்தையை அரை மணி நேரம் தூக்கிக்கொண்டு நின்றானாம். பார்த்தவர்கள் எல்லோரும் அவனை ஹீரோ என்றார்களாம். சபை சிரித்தது. அந்தச் சொல்லுக்கு எனக்கு அகராதி தேவைப்படவில்லை. போனை அணைத்துவிட்டு வயல் பக்கம் போய்விட்டேன். அவளோடு இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

மூன்றாம் நாள் திரும்பவும் போட்டேன். அகராதியை வைத்துக் கோத்துப் பார்த்தால், அவள் தினம் இரண்டு தடவை குளிப்பாளாம், சுத்தத்துக்காக இல்லையாம், ஷவரில் நின்று அழுதால் யாருக்கும் கேட்காதாம். அதற்குத்தான் அன்றைக்குப் பெரிய சிரிப்பு. ஷவர், க்ரை, இரண்டையும் எழுதினேன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பது மட்டும் விளங்கவில்லை.

போன வாரம் காலையில் ஷீலா லேப்டாப்பில் என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். பாதியில் அவள் போன் அடித்தது. கூட வேலை பார்க்கிற தோழி. ஒரு நிமிஷம் என்று என்னிடம் சொல்லிவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டபடி என் முன்னாலேயே இங்கிலீஷில் பேசினாள். அப்பாவுக்குப் புரியாது என்கிற தைரியம். வேகமாகப் பேசினாள், பாதி எனக்குத் தப்பிப் போனது. ஷவர் என்றாள். க்ரை என்றாள். எவ்ரிடே என்றாள். அங்கே சிரிக்க ஆள் இல்லை. ஆனாலும் எந்தச் சொல்லில் நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது.

போனை வைத்துவிட்டுத் திரும்பியவளின் கண் சிவந்திருந்தது. கண்ணில் என்னம்மா என்று கேட்டேன்.

"ஷாம்பு பட்டுருச்சுப்பா."

லூர்து, வலங்கைமானில் உன் அம்மா வீட்டுக் குளியலறைக் கதவு எனக்கு ஞாபகம் வந்தது. ஷீலா பிறந்து ஐந்து மாதம் அங்கே இருந்தாய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் பிடித்து வருவேன். ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி போடுவார்கள். கறிக்குழம்பு, அப்புறம் காப்பி. ஒரு நாள் குளித்துவிட்டு வந்தபோது உன் கண் வீங்கியிருந்தது. என்னாச்சு என்றேன். சோப்பு என்றாய். நான் நம்பினேன். மூன்றரை மணி பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு வந்துவிட்டேன். எத்தனை நாள் அந்தச் சோப்பு? உன் அம்மாவுக்காவது தெரியுமா?

ஷீலாவிடம் சொன்னேன். "உங்கம்மா சோப்புன்னு சொன்னா. அப்ப எனக்கு வெளங்கல."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழந்தையின் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம், "நான் பேசினது புரிஞ்சுதாப்பா?" என்றாள்.

நோட்டைப் பார்க்காமலே சொன்னேன். "ஷீலா, யூ நாப். ஐ ஹோல்ட் பேபி."

அழுதுகொண்டே சிரித்தாள். ஏப்பம் எடுக்கத் தெரியுமா என்று கேட்டாள். தலையணையைத் தோளில் போட்டுத் தட்டிக் காட்டினேன். "இன்னும் கொஞ்சம் மேலப்பா. அங்க தட்டினா வராது" என்றாள். மேலே தட்டினேன். மறுநாள் மாப்பிள்ளை டிக்கெட் போட்டுவிட்டார். அடுத்த மாதம் திருச்சியிலிருந்து கிளம்புகிறேன். சேவியருக்கு இதுவே பதில்.

இதை நான் மன்னிப்புக் கேட்பதாக எடுத்துக்கொள்ளாதே. நீயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த மூன்றரை மணி பஸ்ஸில் ஏறாமல் இருந்திருப்பேனா? அன்றைக்கு இருந்த நான் ஏறித்தான் இருப்பேன் என்று தோன்றுகிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஒன்று மட்டும் உறுதி. அங்கே அவள் குளிக்கப் போகும்போதெல்லாம் குழந்தையை நான் வாங்கிக்கொள்வேன். வெளியே வந்ததும் கண்ணைப் பார்ப்பேன். சோப்பு என்று சொன்னால் நம்பமாட்டேன். இந்தத் தடவை பஸ் பிடிக்கிற அவசரம் எனக்கு இல்லை.

உன் வீட்டுக்காரன்,
ஷீலாவின் அப்பா,
அந்தோணிசாமி
ஒரத்தநாடு