அழுங்குப் பெட்டிக்கு நான் அடித்த ஆணி

என் செல்ல அக்கா செவந்திக்கு,

நீ போய் மூணு மாசம் ஆச்சு. உன்னைக் கொண்டுபோன காய்ச்சல் இப்போ லயத்துக் குடியிருப்புல யாருக்கும் இல்லை. இங்கே நடந்ததை உன்கிட்டச் சொல்லாம இருக்க முடியல. மனசெல்லாம் ஒரே எரிச்சலா இருக்கு அக்கா.

உன் அழுங்கு அகப்பட்டுடுச்சு. கலஹாப் பக்கத்துச் சரிவுல கோப்பிக் கன்று நடக் குழி வெட்டுனாங்க. நம்ம லயத்து ராக்கனோட மண்வெட்டி அதோட வளையில இறங்கிடுச்சு. வெளியே இழுத்துப் போட்டதும் அது பந்தாச் சுருண்டுக்கிச்சு. நாலு ஆம்பளைங்க சேர்ந்தும் பிரிக்க முடியல.

கோப்பிப் பழம் பறிக்கிறப்போ எத்தனை தடவை சொன்னே! அதுக்குப் பல்லே கிடையாது, முழ நீள நாக்கால கறையானை நக்கித் தின்னும், குட்டிக்குப் பால் குடுக்கும், வாலுல ஏத்திக்கிட்டுப் போகும், அதை யாரும் பிடிக்கக் கூடாதுன்னு. "உடம்பெல்லாம் செதிலு, அது பால் குடுக்குமாம்!" எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தானே சிரிச்சேன்? ரெண்டு நாள் நீ என்னோட பேசல.

பந்து கொஞ்சம் தளர்ந்துச்சு. வயித்துச் சுருளுக்குள்ள ஒரு சின்ன மூக்கு, வெளிறிப்போய். குட்டி! மாரோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

ராக்கன் கத்தியை எடுத்தான். "நல்ல கறிடா இது."

"விடுடா, குட்டி வச்சிருக்கு!" நான் குறுக்கே போய் நின்னேன்.

அந்த நேரம் பார்த்துத் தோட்டத்துத் துரை குதிரையில வந்துட்டார். "வெட்டாதே. கண்டியில என் சிநேகிதருக்குக் காட்டணும்"னார். கோப்பி ஸ்டோர்ல தச்சுவேலை பார்க்கிறவன் நான்தானே? என் பக்கம் திரும்பினார். "நல்ல பெட்டியாச் செய். விடியக்காலம் வண்டியில ஏத்து."

செஞ்சேன் அக்கா. தாயையும் குட்டியையும் உள்ளே வச்சு மூடினேன். முதல் ஆணி அடிக்கிறப்பவே துரை போயிட்டார். பக்கத்துல யாருமே இல்லை. ரெண்டு ஆணியைத் தளர விட்டிருந்தா யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு ஆணியையும் தலை புதையிற வரைக்கும் அடிச்சேன். ஏன் அப்படிச் செஞ்சேன்? வேலை சுத்தமா இருக்கணும்னா? பயமா? எனக்கே விளங்கல.

மறுநாள் வண்டிக்காரர் திரும்பி வந்து சொன்னார். பேராதனை தாண்டி இறங்கிப் பார்த்திருக்கார். பக்கப் பலகை பிராண்டிப் பிளந்து கிடந்துச்சாம். பெட்டி காலி.

"வேணும்னே செஞ்சே!"னு துரை கத்தினார். ஸ்டோர்ல இருந்து என்னை எடுத்துட்டுப் புல்லு வெட்டப் போட்டுட்டார். அதைக்கூடத் தாங்கிக்குவேன். லயத்து ஆளுங்கதான் என்னை உயிரோட கொல்றாங்க. "செத்துப்போன அக்காவோட ஆசையை நிறைவேத்திட்டியே"னு கன்னத்தைத் தடவுறாங்க. ராக்கனே வந்து தோளைத் தட்டினான். நான் ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. இந்த வாய் எதுக்கு இருக்கு?

குட்டி வாலை விடாமப் பிடிச்சிருக்குமா? அந்தப் பக்கம் கறையான் புத்து இருக்குமா? உன்னைத் தவிர யார்கிட்டக் கேட்பேன்?

நாளைக்குக் காலையில பிரட்டுக்களத்துல ஆள் எண்ணிக்கை எடுக்க எல்லாரும் கூடுவாங்க. அங்கே சொல்லிடுறேன். செவந்தி சொன்னது ஒரு சொல்லும் பொய் இல்லை. அழுங்கு தானாத்தான் தப்பிச்சுது. நான் அதை நல்லா ஆணி அடிச்சுத்தான் அனுப்பினேன்னு. இது உன் மேல சத்தியம்.

கண்ணால பார்த்த பிறகுதான் உன்னை நம்பின
உன் தம்பி மாரிமுத்து