ரெபேக்காவின் கால்களைப் பார்த்து

ஜனவரி 19, திங்கள்

காலையில் நல்ல பனி. கேம்ப் ரோட்டில் ஹெட்லைட் போட்டுக்கொண்டு பஸ்கள். கிட்டார் மீட்டும் வலது கட்டைவிரல் நக ஓரத்தில் கீறல். பாத்திரம் தேய்த்ததன் பலன். சனிக்கிழமை வரை இனி அம்மாதான் தேய்க்க வேண்டும் என்றேன். "ஒரு கையில மட்டும் நகம் வளக்குறவள எவன்டி கட்டுவான்?" என்று ஆரம்பித்தாள். கதவைச் சாத்திக்கொண்டேன்.

வாங்க: சூப்பர் க்ளூ, டேபிள் டென்னிஸ் பந்து, மூணாவது ஸ்ட்ரிங், கேஸ் புக் பண்ண.

சாயந்திரம் இம்மானுவேல் சாருக்குக் கிட்டார் வகுப்பு. திருமுடிவாக்கத்தில் சொந்த லேத் பட்டறை, அறுபதை நெருங்கும் வயது. மகள் ரெபேக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் வந்து நின்றவர். "ஸ்பெயின்ல வேலை பாத்தப்போ ஃபிளமெங்கோ டான்ஸ் கத்துக்கிட்டா மிஸ். ரிசப்ஷன்ல அவ ஆடணும், நான் வாசிக்கணும். முடியுமா?" முடியும் என்று வாய் கூசாமல் சொன்னேன். இந்தச் சனிக்கிழமை ரிசப்ஷன்.

பன்னிரண்டு அடித் தாளச் சுற்று அவருக்கு வரவே இல்லை, எப்போதோ விட்டுவிட்டோம். நாலடியில் போகும் தாங்கோஸ் என்கிற வகை மட்டும். எந்தப் பகுதி எத்தனை தடவை என்று ஷீட் எழுதிக் கொடுத்திருக்கிறேன். விரல்களை ஒவ்வொன்றாக உதறி அடிக்கிற ராஸ்கெயாதோ இன்று சுத்தமாக விழுந்தது. இரும்பில் புழங்கும் கை, நகம் தங்காது. பந்தை வெட்டி நகத்தின் மேல் க்ளூ வைத்து ஒட்டிக்கொள்கிறார். ஒட்டு வேலையில் என்னைவிடக் கெட்டி.

புதன் ஒத்திகை, ரெபேக்காவோடு. நான் இதுவரை ஆடுகிறவர் முன்னால் உட்கார்ந்து வாசித்ததே இல்லை. கற்றது முழுக்க ஆன்லைன். ஸ்பெயினிலிருக்கும் என் டீச்சர் வாரா வாரம் சொல்வார், ஆடுபவரோடு வாசி என்று. தாம்பரத்தில் யாரைப் போய்ப் பிடிக்க?

20, செவ்வாய்

தூக்கம் சரியில்லை. சிலிண்டர் வந்தது. புதிய மாணவியின் அம்மா, வாசலிலிருந்தே: "மிஸ், கிட்டார போட்டுத் தட்டுறாளே, ஒடஞ்சிடாது?" பலகையைத் தட்டுவதும் பாடத்தில் உண்டு என்றேன். நம்பிய முகமாக இல்லை.

ரெபேக்கா போட்டிருந்த பழைய வீடியோ பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. நிஜமாகவே ஆடுகிறாள். என்னை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவாள்.

21, புதன்

ஒத்திகை. அசிங்கம்.

ஊரப்பாக்கத்தில் அவர்கள் வீடு. ஹாலில் சோபாவை நகர்த்தி, பட்டறையிலிருந்து கொண்டுவந்த ப்ளைவுட் விரித்திருந்தார்கள். சாரும் நானும் ஆளுக்கொரு கிட்டார், நன்றாகத்தான் ஆரம்பித்தது. திடீரென்று அவள் ஓங்கி மிதித்து, கையை வீசி நின்றாள். நாங்கள் பாட்டுக்கு இரண்டாம் பகுதிக்குள் போய்க்கொண்டிருந்தோம்.

"அப்பா, நான் கூப்பிட்டேன்ல?"

"எப்பம்மா?"

"இப்பதான். அப்படி மிதிச்சா, முடிக்கப் போறேன், என்கூட சேந்து நிறுத்துங்கன்னு அர்த்தம்." பிறகு என் பக்கம் திரும்பி, "அக்கா, நீங்களும் பாக்கலையே."

காது சூடாகிவிட்டது. சின்ன வயதிலிருந்து சர்ச் பாடகர் குழுவில் வாசித்தவள் நான். சாரும் அப்படித்தான். பலகையில் பாட்டு எண் இருக்கும், எத்தனை சரணம் என்று முன்பே தெரியும். கிட்டார் முன்னால் போகும், சபை பின்னால் வரும். அந்தப் புத்தியிலேயே இதற்கும் ஷீட் எழுதி வைத்திருக்கிறேன். இங்கே அவள் கால்தான் முன்னால் போகும். இது எனக்குத் தெரியாததில்லை. படித்திருக்கிறேன். ஆனால் சொல்லிக்கொடுத்தது என்னவோ பாமாலை வாசிக்கிற மாதிரி.

ஷீட்டைப் பிடுங்கினேன். "சார், காலப் பாருங்க." குனிந்து தன் கையையே பார்த்தார். மறுபடி. நிமிர்ந்தார், விரல் நின்றுவிட்டது. மறுபடி. எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

ரெபேக்கா குரலைத் தாழ்த்தி, "ரெக்கார்டிங் போட்டு ஆடிக்கிறேன் அக்கா. அப்பாவ எல்லார் முன்னாடியும் கஷ்டப்படுத்த வேணாம்."

தப்பு அவருடையது இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். தலையாட்டிவிட்டு வந்தேன். ஆட்டோக்காரர்: "இன்னா மேடம், பொட்டில வீணையா கீது?" ஆமாம் என்றேன். விளக்கத் தெம்பில்லை.

22, வியாழன்

மதியம் பட்டறைக்கே போனேன். லேத் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும்.

"ஏன் சார் நிமிர மாட்டேங்கறீங்க?"

மெஷினை நிறுத்தச் சொன்னார். "நிமிந்தா அவ மூஞ்சி தெரியுது மிஸ். கல்யாணம் முடிஞ்ச கையோட ஃபிளைட்டு. மூஞ்சியப் பாத்தா கை ஓட மாட்டேங்குது."

"அப்போ மூஞ்சியப் பாக்காதீங்க. முட்டிக்குக் கீழ மட்டும் பாருங்க" என்றேன். காரிலிருந்து கிட்டாரை எடுத்து வந்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு வேலையாளின் ஷூவை வாங்கிப் போட்டுக்கொண்டு தகரத்தின் மேல் தாம்தூம் என்று மிதித்தேன். வேலையாட்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு வேடிக்கை. மானம் போனது போனதுதான். ஆனால் சார் நின்றார். நான் எங்கே மிதித்தாலும் அங்கே நின்றார்.

என் காலுக்கு நிற்பவர் மகள் காலுக்கு நிற்பாரா?

ரெபேக்காவுக்கு மெசேஜ்: 'ரெக்கார்டிங் வேண்டாம். ப்ளீஸ். தப்பாகச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.' பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று. அதற்கு என்ன அர்த்தம்?

23, வெள்ளி

கட்டைவிரல் நகம் போயே போய்விட்டது. பந்து, க்ளூ. அதுவும் கோணல். ரெபேக்காவிடமிருந்து ஒன்றுமில்லை. அம்மா கேட்காமலே ரசம் சாதம் பிசைந்து கொடுத்தாள்.

24, சனி

சேலையூர் மண்டபம். ஏசி ஓவர், விரல் விறைத்துவிட்டது. மேடை ஓரத்தில் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. ரெக்கார்டிங் இல்லை.

ரெபேக்கா பட்டுப்புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகினாள், அடியில் ஆணி அடித்த கறுப்பு ஷூ. யாரோ பெரியவர், "என்னம்மா இது கோலம்" என்றார். சார் கோட்டுக்குள் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். ஆரம்பித்தோம். பார்வையைத் தரையை விட்டு எடுக்கவில்லை அவர். முதல் பகுதி போனது. இரண்டாவது போனது. ஓங்கி மிதித்தாள். டக்கென்று நின்றார்.

நான் நிற்கவில்லை. அவர் பார்க்கிறாரா என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மண்டபமே நிசப்தமாக இருக்க, என் கிட்டார் மட்டும் இன்னொரு அடி அடித்தது. முன் வரிசையில் சிரித்தார்கள். செத்துவிடலாம் போலிருந்தது.

அதோடு முடிய வேண்டியது. கைதட்டல்கூட வந்துவிட்டது. ரெபேக்கா போகவில்லை. அப்பா எதிரில் வந்து நின்று கையைத் தட்டினாள், நாலடி. ஒத்திகையில் இல்லாதது. எந்த ஷீட்டிலும் இல்லாதது. சார் தலையைத் தூக்கினார். நேராக அவள் முகத்துக்கு. போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

கிட்டார் கேட்டது. என்னுடையது இல்லை.